சும்மா கிடந்த 116 ஏக்கர்

(சென்னை தினத்தையொட்டி, பூங்கா நகரை அடுத்த ஒரு கிளை நூலகத்தில் ஆற்றிய சொற்பொழிவு. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



அழைப்பிதழில் என் தலைப்பை 'மக்கள் பூங்காவின் வரலாறு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர், "சார், இந்த மக்கள் பூங்கா எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். "நீங்க எங்கேர்ந்து வர்றீங்க தம்பி?" என்றேன். "ஆவடியிலேர்ந்து. லோக்கல் ட்ரெய்ன்ல." "அப்ப நீங்க வந்து இறங்கினதே அந்தப் பூங்காவுலதான்" என்றேன். தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லி முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும்.

இந்த வட்டாரத்தில் பூங்கா எங்கே என்று கேட்டால் பெயர்ப் பலகைகள்தான் பதில் சொல்லும். தாம்பரம் போகிற மின்சார ரயில் நிற்கிற நிலையத்தின் பெயர் சென்னை பூங்கா. அதற்குப் பக்கத்தில் பறக்கும் ரயில் நிற்கிற நிலையம் பார்க் டவுன். தபால் முகவரியில் பூங்கா நகர், சென்னை 3. 2006 தேர்தல் வரை பூங்கா நகர் என்றே ஒரு சட்டமன்றத் தொகுதியும் இருந்தது. ராசப்ப செட்டித் தெருவில் இருக்கிற கந்தகோட்டம், இந்தப் பூங்காவைவிட ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் மூத்தது. அந்தக் கோயில்கூட இன்றைக்குப் பூங்கா நகர் முருகன் கோயில் ஆகிவிட்டது. தன்னைவிட வயதான தெருக்களுக்கெல்லாம் பெயர் கொடுத்துவிட்டுப் பெயர் கொடுத்தது மட்டும் காணாமல் போயிருக்கிறது.

இந்த ஊரில் இது புதிதல்ல. சென்ட்ரலுக்குப் பக்கவாட்டில் ஓடுகிற வால்டாக்ஸ் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகையையும் ஹைதர் அலியின் படைகளையும் கண்டு மிரண்ட கம்பெனிக்காரர்கள், 1770-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஒரு மதில் கட்டினார்கள். கட்டிய செலவைக் குடியிருப்பவர்களிடமிருந்து மதில் வரியாக வாங்கிவிடலாம் என்று நினைத்தார்கள். வரி வசூலாகவே இல்லை. மதிலும் பெரும்பகுதி போய்விட்டது. ராயபுரம் பக்கம் மிச்சமிருக்கிற துண்டின்மேல் மாடிப் பூங்கா என்று ஒன்றை அமைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மதிலும் இல்லை, வரியும் இல்லை, 'வால் டாக்ஸ்' மட்டும் இருக்கிறது. நாம் பேச வந்த இடம் அந்த மதிலுக்கு வெளியே, மேற்கே, பெரியமேட்டுக்கும் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கும் நடுவில் இருந்த தாழ்வான நிலம். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். ஊருக்குப் புறத்தே கிடந்த இடம். இந்த 'கிடந்த' என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

1859 மார்ச் மாதம் சார்லஸ் ட்ரெவெலியன் சென்னைக்கு ஆளுநராக வந்தார். மெக்காலேயின் தங்கை ஹன்னாவை மணந்தவர். இந்த மனிதரைப் பற்றி இரண்டு ஊர்களில் விசாரித்தால் இரண்டு வேறு ஆட்களைப் பற்றிச் சொல்வார்கள். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, லண்டன் கருவூலத்தில் நிவாரணப் பணத்தின் பூட்டுச் சாவி இவர் கையில் இருந்தது. சந்தை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், அரசு அதிகம் கை நீட்டக் கூடாது என்ற கொள்கைக்காரர். பத்து லட்சம் பேர் அளவில் செத்தார்கள். அயர்லாந்துக்காரர்கள் அந்தப் பெயரை இன்னும் மன்னிக்கவில்லை. அதே ஆள் சென்னைக்கு வந்து, மதிலுக்குள் நெருக்கியடித்து வாழ்கிற ஜனங்களுக்கு மூச்சு விட இடமில்லையே என்று கவலைப்பட்டு 116 ஏக்கரில் தோட்டம் போட்டார். இரண்டும் ஒரே மனிதர் செய்தவைதான். எனக்கு இதில் விளக்கம் எதுவும் இல்லை. மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள் என்று விட்டுவிடுகிறேன்.

'பீப்பிள்ஸ் பார்க்' என்ற பெயரும் அவர் கொண்டுவந்த சரக்குதான். இங்கிலாந்தில் ஆலைகள் பெருகி, தொழிலாளர் குடியிருப்புகள் புகையில் மூழ்கியபோது, ஜனங்கள் காலாற நடக்க இடம் வேண்டும் என்று 1833-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று சொன்னது. அதன் பிறகு ஊருக்கு ஊர் பொதுத் தோட்டம் போடத் தொடங்கினார்கள். ஹாலிஃபாக்ஸ் என்ற ஆலை நகரத்தில் 1857-இல் இதே பெயரில் ஒரு பூங்கா திறந்தார்கள். இரண்டு வருடத்தில் பெயர் கப்பலேறி இங்கே வந்துவிட்டது. நம் ஊரில் அதற்கு முன்பு தோட்டம் இல்லாமல் இல்லை. நுங்கம்பாக்கமும் எழும்பூரும் தோட்ட வீடுகளால் நிறைந்திருந்தன. 1835-இலேயே வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கி, கதீட்ரலுக்கு எதிரே அதன் தோட்டம் பிறகு உண்டாயிற்று. ஆனால் அவையெல்லாம் மதில் வைத்த தோட்டங்கள், கேட்டில் ஆள் நிற்கிற தோட்டங்கள். மூட்டை தூக்குகிறவரும், மிளகாய் மண்டிக்காரரும், மூக்குத்தி போட்ட பாட்டியும் யாரையும் கேட்காமல் உள்ளே போய் உட்காரலாம் என்ற தோட்டம் இதுதான்.

உள்ளே என்னென்ன இருந்தன? பதினோரு குளங்கள். ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள். பொதுக் குளியல் இடம், டென்னிஸ் ஆடுகளம், பேண்டு வாத்தியம் வாசிக்க மேடை. குளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அழகுக்காக வெட்டியதாகப் படிக்கிறோம். அழகுக்கும்தான். ஆனால் இந்த வட்டாரத்தின் சரிவு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம்: தண்ணீர் தானாக வந்து நிற்கிற நிலத்தில் பள்ளத்தைக் குளமாக்கி, அந்த மண்ணை எடுத்துப் பாதையை உயர்த்தினால்தான் தோட்டம் போட முடியும். இன்றைக்கு ஒரு மணி நேர மழைக்குப் பெரியமேட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, அந்தத் தண்ணீருக்குத் தன் பழைய முகவரி மறக்கவில்லை.

ட்ரெவெலியன் தன் பூங்காவில் உலாவ அதிக நாள் இருக்கவில்லை. 1857 கலகத்தால் அரசுக்கு ஏகப்பட்ட கடன். அதை அடைக்க, வருமான வரி உள்ளிட்ட புதிய வரிகளை நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் 1860-இல் கொண்டுவந்தார். 'எக்கனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர் அவர்தான். நம் ஆளுநர் அதை எதிர்த்தார். எதிர்த்து எழுதிய குறிப்பை ஃபைலில் வைத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் பிழைத்திருப்பார். அதைப் பத்திரிகைகளில் வெளியிட்டுவிட்டார். ஜூன் மாதம் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதாயிற்று. பதினைந்து மாதம்கூட முழுதாக இல்லை. விக்டோரியா ஹால் வளாகத்தில் அவர் நினைவாக ஒரு நீரூற்று உண்டு.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். உங்களில் ஐம்பது வயது தாண்டியவர்கள், பழைய சென்னைக்காரர்கள், 'உயிர் காலேஜ்' என்றால் சிரிப்பீர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். உயிர் காலேஜ் என்றால் மிருகக்காட்சி சாலை. செத்த காலேஜ் என்றால் எழும்பூர் மியூசியம். கிராமத்திலிருந்து உறவினர் வந்தால் ஒரே நாளில் இரண்டு காலேஜையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் கடற்கரைக்குப் போய்விட்டுத்தான் வீடு திரும்புவார்கள். மிருகக்காட்சி சாலைக்குக் காலேஜ் என்று ஏன் பெயர் வந்தது? மியூசியம் 1851-இல் முதன்முதலாகத் தொடங்கியது எழும்பூரில் இல்லை. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில், கோட்டைக் கல்லூரி என்று சொல்லப்பட்ட கட்டடத்தின் மாடியில் தொடங்கியது. எழும்பூருக்கு வந்தது 1854-இல்தான். காலேஜ் என்ற பெயர் அந்த மாடியில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது என்பது என் ஊகம்.

மியூசியத்தின் தலைவர் எட்வர்ட் பால்ஃபர், தொழிலால் ராணுவ மருத்துவர். பாடம் செய்த பறவையையும் பாட்டிலில் போட்ட பாம்பையும் பார்க்க வருகிறவர்களைவிட, உயிரோடு கட்டிவைத்த புலியைப் பார்க்கக் கூட்டம் அதிகம் வருவதைக் கவனித்தார். அதனால் 1855-இல் மியூசியத்துக்குள்ளேயே உயிருள்ள விலங்குகளைச் சேர்க்க ஆரம்பித்தார். ஆற்காட்டு நவாபிடம் கேட்டு, அவர் வைத்திருந்த விலங்குகளையும் வாங்கிக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் நவாப் காலமானார். வாரிசு இல்லை என்று காரணம் காட்டி, கம்பெனி நவாப் பட்டத்தையே ஒழித்துவிட்டது. பட்டம் போனது, நவாபின் விலங்குகள் மட்டும் சர்க்கார் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒரே வருடத்தில் விலங்கும் பறவையும் ஊர்வனவுமாக முந்நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டன. செத்த காலேஜுக்குள் உயிர் காலேஜை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. 1860-களின் தொடக்கத்தில் எல்லாவற்றையும் மக்கள் பூங்காவுக்கு மாற்றினார்கள்.

பூங்காவுக்குள் வெளியார் ஒருவர் நிரந்தரமாகக் குடிவந்தது இப்படித்தான் தொடங்கியது. யாரும் குறை சொல்ல மாட்டோம். மிருகக்காட்சி சாலை வேண்டாம் என்று எந்தக் குழந்தை சொல்லும்?

அடுத்து டவுன் ஹால். பட்டணத்துக்குப் பொதுக்கூட்டம் நடத்த மண்டபம் இல்லை என்று 1880-களின் தொடக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். இடம்? பூங்கா இருக்கிறதே. 57 கிரவுண்டு. கிரவுண்டுக்கு எட்டணா குத்தகை, மொத்தமாக வருடத்துக்கு இருபத்தெட்டரை ரூபாய். 1886 ஏப்ரல் 1 முதல் 99 ஆண்டு. சிஸ்ஹோம் வரைபடம் போட்டார், நம்பெருமாள் செட்டியார் கட்டினார். சிவப்புச் செங்கல்லில் எழுந்த அந்தக் கட்டடத்துக்கு விக்டோரியா மகாராணி பெயரை வைத்தார்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது. 1897-இல் விவேகானந்தர் அங்கே பேசினார். 1916 நவம்பர் 20-ஆம் தேதி அங்கே கூடியவர்கள்தான் பிறகு நீதிக்கட்சி என்று பெயர்பெற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டு அரசியலின் கருப்பை ஒன்று அந்த மண்டபம். 57 கிரவுண்டு போனால் என்ன, இவ்வளவு வந்திருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சின்ன விலகல். நம் அரசியலுக்கும் பூங்காவுக்கும் உள்ள உறவை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். 1949 செப்டம்பரில் திமுக தொடக்கக் கூட்டம் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில். பொதுத் தோட்டம் போட்ட வெள்ளைக்காரன், ஜனங்கள் நல்ல காற்று வாங்குவார்கள், பூவைப் பார்ப்பார்கள் என்று நினைத்தான். ஜனங்கள் மேடை போட்டு மைக் கட்டினார்கள். சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

அந்த 1886, குத்தகை தொடங்கிய அதே ஆண்டு, ஒரு துக்கத்தோடு முடிந்தது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் பூங்காவில் சந்தை கூடும். 'பார்க் ஃபேர்' என்பார்கள். மதராஸின் பெரிய வேடிக்கை அது. டிசம்பர் 31 அன்று கொட்டகைகளில் தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். பண்டிகைக்குப் புதுத்துணி உடுத்தி வந்தவர்கள். நம் ஊர் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். கும்பகோணம் பள்ளித் தீயைப் பார்த்த தலைமுறை நாம். கீற்றுக் கொட்டகையில் தீ எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிராட்வேயில் பாப்ஹாம் மார்க்கெட் பக்கம் கடைபோட்டிருந்தவர்களால் நெரிசல் தாங்கவில்லை. அவர்களை எங்கே அனுப்புவது? மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் 1898-இல் புதிய சந்தைக்கு அடிக்கல் நாட்ட, 1900-இல் ஆளுநர் ஹேவ்லாக் திறந்து வைத்தார். பூங்காவின் தென்கிழக்கு மூலை மூர் மார்க்கெட் ஆகிவிட்டது.

மூர் மார்க்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று நூலகர் அம்மாவுக்குத் தெரியும், அதனால்தான் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். கிளியும் லவ் பேர்ட்ஸும் நாய்க்குட்டியும் விற்ற இடம். கிராமபோன் தட்டு, ஓட்டை கேமரா, ஒற்றைச் செருப்புக்கு ஜோடி என்று எதைத் தேடினாலும் கிடைத்த இடம். பேரம் தெரியாதவன் உள்ளே போகக் கூடாது. கடைக்காரர் பத்து ரூபாய் சொன்னால் ஒரு ரூபாய் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு இரண்டடி நடக்க வேண்டும், மூன்றாவது அடியில் "யோவ், வாய்யா" என்ற குரல் வர வேண்டும். எனக்கு அந்த மூன்றாவது அடி வைக்கிற தைரியம் வந்ததே இல்லை. அதனாலேயே என் வீட்டில் இருக்கிற பழைய புத்தகங்கள் எல்லாம் கொஞ்சம் அதிக விலை.

அந்தப் பழைய புத்தகக் கடைகளில்தான் கோட்டையூர் ரோஜா முத்தையா சுற்றித் திரிந்தார். ஓவியம் கற்க வந்தவர், காகிதத்தில் மயங்கிவிட்டார். யாரோ பழைய பேப்பர் விலைக்குப் போட்ட நாடக நோட்டீஸ், குஜிலிப் பாட்டுப் புத்தகம், மருத்துவச் சுவடி, எல்லாவற்றையும் வாங்கிக் கோட்டையூருக்குக் கொண்டுபோனார். அவர் காலத்துக்குப் பிறகு, 1994-இல், சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, நாடு விட்டுக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. இன்றைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற எவரும் அங்கே போகாமல் முடியாது. பூங்காவை விழுங்கிய கட்டடம் ஒன்றின் தாழ்வாரத்தில், தரையில் விரித்த சாக்கின் மேல், ஒரு மொழியின் அச்சு வரலாறு கிடந்து பிழைத்திருக்கிறது. இதைச் சொல்லும்போது என் வழக்கு பலவீனமாகிறது என்று எனக்கே தெரிகிறது.

மாநகராட்சிக்குச் சொந்தமாகத் தலைமையகம் வேண்டும் என்று வந்தபோதும் பக்கத்திலேயே இடம் இருந்தது. 1909 டிசம்பரில் மின்டோ பிரபு அடிக்கல் நாட்டினார், 1913-இல் ஹார்டிஞ்ச் பிரபு ரிப்பன் மாளிகையைத் திறந்து வைத்தார், லோகநாத முதலியார் கட்டினார், ஏழரை லட்சம் ரூபாய் ஆயிற்று. வெள்ளை வெளேரென்று நிற்கிற அந்தக் கட்டடத்தை ரயிலிலிருந்து இறங்கிப் பார்த்துத்தான் பட்டணம் வந்துவிட்டோம் என்று நம்பியவர்கள் எத்தனை லட்சம் பேர்! இடிக்கச் சொல்வேனா? மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பூங்காவைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு மாநகராட்சியுடையது. காவலுக்கு நின்றவருக்கே இடம் தேவைப்பட்டது.

பிறகு விளையாட்டு. பூங்காவின் வடமேற்கே கார்ப்பரேஷன் ஸ்டேடியம் வந்தது. சேப்பாக்கத்தை விட்டுவிட்டு டெஸ்ட் போட்டிகளே 1956 முதல் 1965 வரை இங்கே நடந்தன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கடும் பங்கஜ் ராயும் தொடக்க ஜோடியாக 413 ரன் அடித்தது இந்த மண்ணில்தான். மன்கட் 231, ராய் 173. ஐம்பத்திரண்டு வருடம் அந்த உலக சாதனையை யாரும் தொடவில்லை. நேரு பெயரைத் தாங்கிய அந்த மைதானத்தை 1990-களின் தொடக்கத்தில் இடித்து, கால்பந்துப் போட்டிக்காக இப்போதிருக்கிற வடிவில் கட்டினார்கள்.

நடுவில் 1942. ஏப்ரல் மாதம் ஜப்பான் கப்பல்கள் வங்கக் கடலில் நிற்கின்றன, கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்துவிட்டது. சென்னை காலியாகிறது. மாடுகட்டி, வண்டிகட்டி ஜனங்கள் ஊர்ப்பக்கம் ஓடுகிறார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடுமே என்ற பயத்தில், மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான் படை வந்து இறங்கவே இல்லை. உயிர் காலேஜ் சில நாளைக்குச் செத்த காலேஜ் ஆனதுதான் மிச்சம்.

இனி 1985-க்கு வருகிறேன். அந்த ஒரு வருடத்தை ஒரு கையின் மூன்று விரலில் எண்ணிவிடலாம். மார்ச் 31: விக்டோரியா ஹாலின் 99 ஆண்டுக் குத்தகை முடிந்தது. மே 30: மூர் மார்க்கெட் எரிந்தது. ஜூலை 24: வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. நூறாண்டுகளாகப் பூங்காவுக்குள் வந்து குடியேறியவற்றில் மூன்றின் கணக்கு, நான்கு மாதத்துக்குள், ஏதோ நாள் பார்த்து முடித்தாற்போல முடிந்தது. மூர் மார்க்கெட் இருந்த இடத்தை ரயில்வேக்குக் கொடுப்பது என்ற பேச்சு முன்பே நடந்துகொண்டிருந்தது, பாரம்பரியக் கட்டடம், இடிக்காதீர்கள் என்று எதிர்ப்பும் இருந்தது. நடுவில் தீ வந்து வழக்கை முடித்துவைத்தது. அந்தத் தீ எப்படிப் பிடித்தது என்று டீக்கடையில் கேட்டால் இன்றைக்கும் நான்கு பேர் நான்கு கதை சொல்வார்கள். விலங்குகளுக்கு வண்டலூர் காட்டில் 1,265 ஏக்கர் கிடைத்தது. அவற்றைப் பொறுத்தவரை நல்ல காரியம். ரயில் ஹாரனும் பஸ் புகையும் சூழ்ந்த கூண்டில் சிங்கம் வைத்திருந்ததே பாவம்.

நம் கேள்வி வேறு. மிருகக்காட்சி சாலை போனது, இடம் காலியானது. அந்த இடம் பூங்காவுக்குத் திரும்பி வந்ததா? மூர் மார்க்கெட் எரிந்தது, இடம் காலியானது. திரும்பி வந்ததா? வரவில்லை. அங்கேதான் நம் ஆவடித் தம்பி இறங்கிய புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. ரயில்வே கால அட்டவணையில் அதன் பெயர் இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். எரிந்த கடைக்காரர்களுக்கு மாற்று இடம் கொடுக்க வேண்டும் அல்லவா? கொடுத்தார்கள். எங்கே? பதினோரு குளங்களில் ஒன்று அல்லிக்குளம். அல்லி பூத்த குளம். அதன் மேல் எழுந்ததுதான் அல்லிக்குளம் வணிக வளாகம். பிறகு அதே பெயரில் நீதிமன்றங்களும் வந்தன. "அல்லிக்குளம் கோர்ட்டுல வாய்தா" என்று வக்கீல் குமாஸ்தா சொல்லும்போது, அல்லியையோ குளத்தையோ அவர் நினைப்பதில்லை. நினைக்க அவசியமும் இல்லை.

நான் இந்தப் பட்டியலைச் சொல்லும்போது ஆக்கிரமிப்பு என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். இரவோடு இரவாக வேலி போட்டவன் எவனும் இந்தக் கதையில் இல்லை. மண்டபம் மக்களுக்கு. சந்தை மக்களுக்கு. நகராட்சி மக்களுக்கு. மைதானம், ரயில், கோர்ட்டு, எல்லாம் மக்களுக்கு. மக்கள் பூங்காவை மக்கள் பெயரால்தான் எடுத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள், அதனால் தடுக்க ஆள் இல்லை.

ஏன் ஒவ்வொரு தடவையும் பூங்கா? கணக்குப் பார்த்தால் எளிது. வேறு எந்த நிலத்தை எடுத்தாலும் நஷ்ட ஈடு, வாடகைதாரர், கோர்ட்டு, ஸ்டே. பூங்காவை எடுத்தால் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். யாரையும் காலி செய்யச் சொல்ல வேண்டாம். மரம் வழக்குப் போடாது. நம் வருவாய்க் கணக்கில் புறம்போக்கு என்று ஒரு சொல் இருக்கிறது. தனி ஆளின் பட்டாவுக்கும் வரிக்கும் வெளியே, ஊர்ப் பொதுவுக்கென்று ஒதுக்கிய நிலம் என்று அர்த்தம். குளம், மேய்ச்சல், சுடுகாடு, பாதை எல்லாம் அதில் அடங்கும். ஊருக்கே உயிரான நிலங்களின் பெயர். அந்தச் சொல்லை நாம் என்ன செய்தோம்? உதவாக்கரை மனிதனைத் திட்டுகிற வசவாக்கிவிட்டோம். முதலில் 'கிடந்த' என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இதற்குத்தான். தனி ஒருவருக்கு வருமானம் தராத இடம் 'சும்மா கிடக்கிற இடம்'. சும்மா உட்காருவதற்கென்றே போட்ட இடம் சும்மா கிடக்காமல் வேறு எப்படிக் கிடக்கும்?

சட்டம் இல்லாமல் இல்லை. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் காக்க 1959-இல் சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. ட்ரெவெலியன் வந்த சரியாக நூறாவது வருடம். அதற்குள் இங்கே காக்க மிச்சமிருந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலும் பிறகுதான் அல்லிக்குளம் போயிற்று.

மிச்சமிருப்பது மை லேடீஸ் பூங்கா. நேரு மைதானத்துக்குப் பக்கத்தில், ரிப்பன் மாளிகைக்குப் பின்னால். ஒரு காலத்தில் மலர்க் கண்காட்சிக்கு ஊரே அங்கே கூடும், டேலியாவும் ரோஜாவும் தொட்டியில் வைத்துப் பரிசு கொடுப்பார்கள். இப்போது போனால் மத்தியான நேரத்தில் சில பெஞ்சுகளில் ஆள் படுத்திருக்கும். சென்ட்ரலில் இரவு ரயிலுக்குக் காத்திருக்கிற குடும்பம், பையைத் தலைக்கு வைத்து, குழந்தையை நடுவில் போட்டுத் தூங்கும். சிலருக்கு அது அழகைக் கெடுப்பதாகத் தெரிகிறது. எனக்கு, அந்த 116 ஏக்கரும் எதற்காகப் போடப்பட்டதோ அந்த வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கிற ஒரே துண்டாகத் தெரிகிறது.

நேரமாகிவிட்டது. கடைசியாக ஓர் அறிவிப்பு. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நாங்கள் சிலர் பூங்காவைச் சுற்றி நடக்கப் போகிறோம். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் வாசலில் கூடி, விக்டோரியா ஹால், ரிப்பன் மாளிகை, அல்லிக்குளம், நேரு மைதானம் என்று வந்து மை லேடீஸில் முடிப்போம். பழைய வரைபடம் ஒன்றைப் பெரிதாக்கி எடுத்து வருகிறேன். ஒவ்வொரு இடத்திலும் நின்று, இங்கே எந்தக் குளம் இருந்தது என்று பார்க்கலாம். ஆவடித் தம்பி, முதல் வண்டியைப் பிடித்து நீங்களும் வாருங்கள். செருப்பு வேண்டாம், நல்ல ஷூவாகப் போட்டு வாருங்கள். ராத்திரி மழை பெய்திருந்தால், பெரியமேட்டுப் பக்கம் வரைபடமே தேவைப்படாது.